உதை ரத்தத்துல இல்லை, பழக்கத்துல இருக்கு

மக்களே, இது கொஞ்சம் காரமான பதிவு. காரம் ஒத்துக்காதவங்க இப்பவே ஒதுங்கிக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

ரெண்டு வாக்கியத்தோட எனக்குச் சண்டை. ரெண்டும் வேற வேற ஊர்ல, வேற வேற ஆளுங்க சொல்றது. ஆனா ரெண்டும் ஒரே வயித்துல பொறந்த பொய்.

முதல் வாக்கியம் எங்க ஊர் அந்தமான்ல சர்வ சாதாரணம். "நிக்கோபாரிப் பசங்களா? அவங்களுக்கு ஃபுட்பால் ரத்தத்துலயே இருக்குங்க!"

ரெண்டாவது, நான் இப்போ பொட்டி தட்டிப் பொழைக்கிற மெல்பர்ன்ல, கோயில் சாப்பாட்டு வரிசையில நம்மாளுங்க சொல்றது. "ஃபுட்டி எல்லாம் நம்ம பசங்களுக்கு வராதுங்க. நம்ம உடம்பு வாகு அப்படி."

ஒண்ணு புகழ்ச்சி மாதிரி இருக்கும். இன்னொண்ணு தன்னடக்கம் மாதிரி இருக்கும். விளைவு மட்டும் ஒண்ணுதான்: ஒரு குழந்தைக்கு யாரும் உதைக்கக் கத்துக்குடுக்கறதில்லை. தானா வந்துடும்னு நினைச்சாலும் கத்துக்குடுக்க வேண்டாம். என்ன செஞ்சாலும் வராதுன்னு நினைச்சாலும் கத்துக்குடுக்க வேண்டாம். செலவு மிச்சம், நேரம் மிச்சம், மனசாட்சிக்கும் நிம்மதி.

இந்த நிம்மதியைத்தான் இன்னைக்குக் கொஞ்சம் கலைக்கப் போறேன்.

*

ஃபுட்டின்னா என்னன்னு தெரியாத சொந்தங்களுக்காக முதல்ல ரெண்டு பத்தி. ஆஸ்திரேலிய ஃபுட்பால் நம்ம ஊர்க் கால்பந்து கிடையாது. பந்து முட்டை வடிவம். மைதானமும் முட்டை வடிவம், நம்ம கிரிக்கெட் மைதானம்தான். ஒரு அணிக்கு 18 பேர். கையால பந்தைப் பிடிக்கலாம், பிடிச்சுக்கிட்டு ஓடலாம், ஆனா வீசக்கூடாது. குத்திக் குடுக்கணும், இல்லைன்னா உதைச்சுக் குடுக்கணும். மைதானத்தோட ரெண்டு கோடியிலயும் நாலு நாலு கம்பம். நடுவுல இருக்கற ரெண்டு பெரிய கம்பத்துக்கு இடையில உதைச்சா கோல், 6 புள்ளி. அதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற சின்னக் கம்பங்களுக்கு இடையில போனா 'பிஹைண்ட்', 1 புள்ளி. வலை கிடையாது, குறுக்குக் கம்பமும் கிடையாது.

அந்த ரெண்டு பெரிய கம்பத்துக்கு நடுவுல 6.4 மீட்டர். கேக்க நிறைய மாதிரி இருக்கா? கணக்குப் போடுவோம். நேர் எதிர்ல 40 மீட்டர்ல நின்னு உதைக்கறீங்கன்னா, நடுக்கோட்டுல இருந்து ரெண்டு பக்கமும் 3.2 மீட்டர் இடம். அதாவது நாலரை டிகிரி. அதுக்கு மேல பந்து விலகினா 6 போய் 1 ஆயிடும். 50 மீட்டர்னா நாலு டிகிரி கூடக் கிடையாது. முட்டை வடிவப் பந்தை, ஓடி வந்து, காத்துல, எண்பதாயிரம் பேர் கத்தறப்போ, நாலு டிகிரிக்குள்ள அனுப்பணும். இதை ரத்தம் செய்யும்னு சொல்றவர் ஒரு தடவை உதைச்சுப் பாக்கட்டும்.

சரி, அப்புறம் எது செய்யுது?

இப்போ எல்லாரும் உதைக்கறது 'டிராப் பன்ட்'னு ஒரு உதை. முன்னெல்லாம் பந்தைத் தரையில தட்டி உதைக்கிற 'டிராப் கிக்', திருகாணி மாதிரி சுத்திக்கிட்டுப் போற 'டார்பிடோ' ரெண்டும் பிரபலம். டார்பிடோ தூரம் போகும், ஆனா எங்க போகும்னு சொல்ல முடியாது. டிராப் பன்ட்ல பந்து தலைகீழா, பின்பக்கமா உருண்டுக்கிட்டே போகும். அந்தப் பின்சுழற்சிதான் பந்தை நேரா வெச்சுக்கும். அதனாலதான் மத்த ரெண்டும் ஓரங்கட்டப்பட்டு இது நின்னுச்சு.

இதோட சூட்சுமம் கால்ல இல்லை, கையில இருக்குங்கிறதுதான் முக்கியமான சேதி. பந்தை ரெண்டு கையாலயும் பக்கவாட்டுல, விரலை விரிச்சுப் பிடிக்கணும். தையல் இலக்கைப் பாத்து இருக்கணும். உதைக்கிற தொடைக்கு நேரா பந்தைக் கொண்டு வந்து, அந்தப் பக்கத்துக் கையாலயே கீழ இறக்கி விடணும். மேல தூக்கிப் போடக்கூடாது. எவ்வளவு கீழ வந்து கையை எடுக்கறோமோ, அவ்வளவு குறைவாத்தான் பந்து காத்துல கோணும். பந்து உடம்புக்குக் குறுக்கே விழுந்துச்சுன்னா, அதுக்கப்புறம் உங்க கால் எவ்வளவு அழகா வந்தாலும் பிரயோஜனம் இல்லை. பந்து சாய்ஞ்சுதான் போகும்.

அப்புறம்தான் கால். விரல் நுனி கீழ பாக்கணும், கணுக்கால் இரும்பு மாதிரி இறுகி இருக்கணும். பந்தோட கீழ் முனையில, பாதத்தோட மேல்பக்க எலும்பு படணும். கணுக்கால் தொளதொளன்னு இருந்தா பந்துக்குப் போக வேண்டிய வேகத்தைக் கணுக்காலே தின்னுடும். உதைச்ச கால் இலக்கைப் பாத்து நேரா மேல போகணும், குறுக்கே வெட்டக்கூடாது. தலை பந்து மேல கவிஞ்சிருக்கணும். ஓடி வர்றது இலக்குக்கு நேரா இருந்தா நல்லது, ஒவ்வொரு தடவையும் ஒரே எண்ணிக்கை அடி வெச்சு வந்தா இன்னும் நல்லது.

மெல்பர்ன் விக்டோரியா பல்கலைக்கழகத்துல கெவின் பால்னு ஒரு ஆராய்ச்சியாளர், தூரமா உதைக்கறதைப் பத்தி 2008ல ஒரு ஆய்வு வெளியிட்டார். தூரம் எதைப் பொறுத்து வருதுன்னா, பந்துல படற நேரத்துல பாதத்தோட வேகம், முழங்காலுக்குக் கீழ் கால் சுழல்ற வேகம், கடைசி அடியோட நீளம். மூணுமே பழக்கத்துல மாத்தக் கூடிய சமாச்சாரம். எந்த ஊர்ல பொறந்தான்ங்கிற கேள்வி அதுல எங்கயும் வரலை.

*

"அதெல்லாம் சரி தம்பி, சின்ன வயசுலேர்ந்து இந்த ஊர்லயே வளர்ந்தவனுக்குத்தான் வரும்"னு ஒரு அண்ணாச்சி அடுத்த கட்டைய போடுவார். அவருக்காக மூணு பேரை வரவழைக்கிறேன்.

ஒருத்தர் ஜிம் ஸ்டைன்ஸ். அயர்லாந்து, டப்ளின்காரர். அங்க ஆடினது உருண்டைப் பந்து வெச்சு ஆடற கேலிக் ஃபுட்பால். பள்ளிக்கூடம் முடிச்ச வயசுல, 1984ல, மெல்பர்ன் கிளப்புக்கு வந்து சேர்ந்தார். அதுவரைக்கும் ஃபுட்டி அவருக்குப் பழக்கமே கிடையாது. 1991ல இந்த ஆட்டத்தோட மிகப்பெரிய தனிநபர் விருதான பிரவுன்லோ பதக்கம் வாங்கினார். தொடர்ந்து 244 ஆட்டம் ஒண்ணைக்கூட விடாம ஆடினது சாதனை. 2012ல புற்றுநோயில இறந்தப்போ இந்த ஊரே அழுதுச்சு.

ரெண்டாமவர் மேசன் காக்ஸ். அமெரிக்கா, டெக்சாஸ்காரர். கல்லூரியில கூடைப்பந்து ஆடினவர். 2014ல இருபது வயசு தாண்டின பிறகுதான் ஃபுட்டிப் பந்தைத் தொட்டார். 2016 ஆன்சாக் தினத்தன்னைக்கு காலிங்வுட்டுக்கு முதல் ஆட்டம், முதல் உதையே கோல். 2023ல அந்த அணி கோப்பை ஜெயிச்சப்போ அதுல இவரும் ஒருத்தர்.

மூணாமவர் மஜாக் டா. சூடான்ல பொறந்து, குடும்பத்தோட அகதியா வந்தவர். 2013ல நார்த் மெல்பர்னுக்கு ஆடி, ஏஎஃப்எல்ல ஆடின முதல் சூடான்ல பிறந்தவர் ஆனார். அவங்க வீட்டுலயும் ஒரு அப்பா, ஒரு அம்மா. அவங்களுக்கும் இந்த ஊர் புதுசு, மொழி புதுசு, ஆட்டம் புதுசு.

காக்ஸோட உயரம் 211 சென்டிமீட்டர், அது ரத்தம்தானேன்னு கேக்கறீங்களா? ஒத்துக்கறேன். உயரம் அப்பா அம்மா குடுக்கறது. ஆனா உயரம் பந்தைப் பிடிக்கத்தான் உதவும். நாலு டிகிரிக்குள்ள உதைக்கறதுக்கு உதவாது. அதை அவர் வளர்ந்த ஆளா ஆனப்புறம், சின்னப் பையன் மாதிரி ஆனா ஆவன்னாவுல இருந்து கத்துக்கிட்டார்.

ஒரு நாட்டையே சாட்சிக்குக் கூப்பிடறேன். பப்புவா நியூ கினி. ஆஸ்திரேலியா ஆண்ட காலத்துல இந்த ஆட்டம் அங்க போச்சு. ஆஸ்திரேலியாவைத் தவிர்த்த மத்த நாடுகளுக்காக நடந்த சர்வதேசக் கோப்பையை அவங்க 2008, 2014, 2017ன்னு மூணு தடவை ஜெயிச்சாங்க. இந்தியாவும் 2008ல முதல் தடவையா மெல்பர்ன் வந்து அதுல ஆடுச்சு. பப்புவாக்காரங்க ரத்தம் ஒசத்தி, நம்ம ரத்தம் மட்டமா? அங்க தலைமுறை தலைமுறையா பந்து இருந்துச்சு, மைதானம் இருந்துச்சு, சொல்லித்தர மூத்தவங்க இருந்தாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு வேடிக்கை. ஏஎஃப்எல் வீரர்கள் இப்போ முழுநேரத் தொழில்காரங்க. அப்பா காலத்து ஆட்டக்காரங்களை விட வேகம், பலம், தாக்குப்பிடிக்கிற சக்தி எல்லாம் எங்கயோ போயிடுச்சு. ஆனா கம்பத்துக்கு உதைக்கிற துல்லியம் மட்டும் பல பத்தாண்டா பெருசா ஏறலை. இன்னைக்கும் கோலையும் பிஹைண்டையும் கூட்டிப் பாத்தா, பாதிக்குக் கொஞ்சம் மேலதான் கோல். ஏன்? ஓட்டத்துக்கும் எடை தூக்கறதுக்கும் குடுக்கற நேரத்தை உதைக்குக் குடுக்கறதில்லை. நிறைய உதைச்சா தொடை, இடுப்புத் தசை பிய்ஞ்சிடும்னு வாரத்துக்கு இவ்வளவுதான்னு கணக்கு வெச்சுக் கட்டுப்படுத்தறாங்க. இது இங்க பழைய ஆட்டக்காரங்க வருஷாவருஷம் புலம்பற விஷயம். எதைப் பழகறமோ அது ஏறும். எதைப் பழகலையோ அது அங்கேயே நிக்கும். கோடி கோடியா சம்பளம் வாங்கறவனுக்கே இதான் விதி.

*

இப்போ அந்தப் 'புகழ்ச்சி'க்கு வர்றேன்.

இங்க பூர்வகுடி வீரர்களைப் பத்திப் பேசறப்போ "மாயம்", "மந்திரம்", "இயற்கையாவே வருது"ன்னு சொல்லுவாங்க. அதே உதையை வெள்ளைக்காரர் உதைச்சா "உழைப்பு", "ஒழுக்கம்", "புத்தி". லான்ஸ் ஃபிராங்க்ளின் 2022 மார்ச்ல தன்னோட 1000ஆவது கோலை அடிச்சப்போ சிட்னியில கூட்டம் மொத்தமும் மைதானத்துக்குள்ள இறங்கிடுச்சு. இடது காலால, வளைஞ்சு ஓடி வந்து உதைப்பார். அந்த வளைவு 'பிறவி'ன்னு சொல்லிட்டா, 2005லேர்ந்து அவர் உதைச்சுப் பழகின ஆயிரக்கணக்கான மணி நேரம் எங்க போச்சு? யார் கணக்குல எழுதறது?

இந்தப் புகழ்ச்சிக்கு இன்னொரு முகம் இருக்கு. 1993 ஏப்ரல்ல நிக்கி வின்மார், தன்னைத் தோல் நிறத்தைச் சொல்லி ஏசின கூட்டத்துக்கு முன்னாடி சட்டையைத் தூக்கித் தன் கருப்புத் தோலை விரல் நீட்டிக் காட்டினார். 2014ல 'ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியர்' விருது வாங்கின ஆடம் குட்ஸ், அடுத்த வருஷம் மைதானம் மைதானமா ஊளையிட்டுத் துரத்தப்பட்டு 2015ல ஆட்டத்தை விட்டே போனார். 2019ல ஏஎஃப்எல் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுச்சு. உன் திறமை உன் உழைப்பு இல்லை, உன் இனத்தோட குணம்னு ஒருத்தன் சொல்றான்னா ஜாக்கிரதையா இருக்கணும். இனத்துக்கு நல்ல குணம் எழுதற அதே பேனாதான் நாளைக்குக் கெட்ட குணமும் எழுதும்.

நமக்கு இது தெரியாதா என்ன? தேயிலைத் தோட்டத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் நம்மாளுங்களைக் கப்பல்ல ஏத்தினப்போ வெள்ளைக்காரத் துரை என்ன சொன்னான்? தமிழன் வெயில் தாங்குவான், குனிஞ்சு வேலை செய்வான், எதிர்த்துப் பேச மாட்டான், அவன் உடம்பு வாகே அதுக்குத்தான்னு சொன்னான். அந்த 'உடம்பு வாகு' கதை 1964 சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்துக்கு அப்புறமும் விடலை. இலங்கையில இருந்து திரும்பின மலையகக் குடும்பங்கள்ல சிலதை நிக்கோபார் கூட்டத்துல இருக்கற கச்சால் தீவுக்குக் கொண்டு போய் இறக்கினாங்க. எதுக்கு? ரப்பர் தோட்டத்துக்கு. ஏன்னா தோட்ட வேலை அவங்களுக்கு 'பழகினது' இல்லையா! அதே கச்சால்ல, 2004 டிசம்பர் 26 சுனாமியில நிக்கோபாரிகளோட சேர்ந்து நம்மாளுங்களும் செத்தாங்க. 'ரத்தம்', 'வாகு'ங்கிற வார்த்தை ஒருத்தனை எங்க கொண்டு போய் நிறுத்தும்னு நம்மளை விடத் தெரிஞ்சவங்க யாரு? அப்புறம் அதே வார்த்தையை நாமளே எடுத்து அடுத்தவன் மேலயும், நம்ம பிள்ளைங்க மேலயும் ஒட்டலாமா?

*

அந்தமான் கதைக்கு வருவோம்.

போர்ட் பிளேர், 2024 செப்டம்பர்லேர்ந்து ஸ்ரீ விஜயபுரம், மழை ஊர். மே மாசம் ஆரம்பிச்சா வருஷக் கடைசி வரைக்கும் விட்டு விட்டுக் கொட்டும். அந்தச் சேத்துலயும் பசங்க வெறுங்கால்ல கால்பந்து ஆடுவாங்க. நிக்கோபாரி, வங்காளி, தமிழன், தெலுங்கன், ராஞ்சிக்காரன், கேரன் எல்லாம் கலந்து, இந்தியில கத்திக்கிட்டு ஆடுவாங்க. பாக்கறவங்க கரையில நின்னு "என்னா கால்டா!"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. அந்தக் காலுக்குச் சொல்லித்தர ஆள் உண்டா, பந்து உண்டா, வடிகால் போட்ட தரை உண்டான்னு கேக்கறது கிடையாது. ரத்தம் பாத்துக்கும்ல!

ரத்தம் பாத்துக்கிச்சு. 2021 டிசம்பர்ல சந்தோஷ் டிராஃபி தகுதிச் சுற்றுல கேரளாவோட அந்தமான் நிக்கோபார் மோதுச்சு. 9-0. நமக்கு சைபர்.

கேரளக்காரனுக்கு ரத்தம் வேற குரூப்பா? இல்லை. மலப்புரத்துல வயக்காட்டுல 'செவன்ஸ்' ஆட்டம் நடக்குது, தெருவுக்குத் தெரு கிளப் இருக்கு, சொல்லித்தர ஆள் இருக்கு, ஆடினா வேலை குடுக்க போலீஸ் அணியும் மின்வாரிய அணியும் இருந்துச்சு. அதே கேரளா 2022 மே மாசம் மஞ்சேரியில இறுதி ஆட்டத்துல வங்காளத்தை எப்படி ஜெயிச்சுச்சு தெரியுமா? 1-1 சமன், அப்புறம் பெனால்டியில 5-4. ஒரே ஒரு உதை. நின்ன பந்து, 11 மீட்டர் தூரம், ஒரு காலை ஊன்றி மறு காலை வீசற உதை. அதுல கோப்பையே மாறிடுது.

இப்போ எதிர் சாட்சி. கார் நிக்கோபார்ல பிறந்த டெபோரா ஹெரால்ட், சுனாமி வந்தப்போ ஒன்பது வயசு. மரத்தைப் பிடிச்சுக்கிட்டு நாள் கணக்கா உயிர் பிழைச்ச பொண்ணு. பின்னாடி டெல்லி அகாடமியில சைக்கிள் பந்தயம் பழகி, 2015ல 500 மீட்டர் டைம் டிரையல் உலகத் தரவரிசையில 4ஆம் இடம் பிடிச்சார். நிக்கோபாரைச் சேர்ந்த எசோ அல்பன், 2018ல சுவிட்சர்லாந்து ஜூனியர் உலகப் போட்டியில கெய்ரின் பந்தயத்துல வெள்ளி. 2019ல அவர் இருந்த இந்திய அணி ஜூனியர் உலகப் போட்டி டீம் ஸ்பிரின்ட்ல தங்கம்.

கவனிங்க. நிக்கோபாரிகளுக்கு சைக்கிள் ரத்தத்துல இருக்குன்னு யாராவது, எப்பவாவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? யாரும் சொன்னதில்லை. சொல்லாததால, சொல்லிக்குடுக்க வேண்டியிருந்துச்சு. கோச் வெச்சாங்க, வண்டி குடுத்தாங்க, டிராக் குடுத்தாங்க. பதக்கம் வந்துச்சு. ரத்தத்துல இருக்கறதா சொன்ன கால்பந்துல 9-0. ரத்தத்துல இல்லாத சைக்கிள்ல உலகத் தங்கம். இதுக்கு மேல நான் என்ன எழுத?

சின்னக் கணக்கு ஒண்ணு மட்டும் எழுதறேன். ஒரு வகுப்புல 30 பசங்க, ஒரே ஒரு பந்து, ஒரு மணி நேர பி.டி. பீரியட். எல்லாருக்கும் சமமாப் பங்கு போட்டா ஆளுக்கு 2 நிமிஷம் பந்து. அதுலயும் பலசாலி நாலு பேர் பாதியை எடுத்துக்குவான். மீதிப் பேர் ஓடறதைத்தான் பழகறாங்க, உதைக்கறதை இல்லை. அதே பசங்களை ரெண்டு ரெண்டு பேரா எதிர் எதிர்ல நிறுத்தி, 15 பந்து குடுத்துப் பாருங்க. பத்து நிமிஷத்துல ஒவ்வொருத்தனும் ஐம்பது தடவை உதைச்சிருப்பான். அந்த 14 பந்துக்கு ஆகற காசு, அரசாங்க விழாவுல ஒரு ஷாமியானாவுக்கு ஆகற காசு. ரத்தத்தைப் புகழ்றது இலவசம், பந்து இலவசம் இல்லை. அதனாலதான் புகழ்ந்துக்கிட்டே இருக்காங்க.

*

இப்போ நம்ம வீட்டுக்கு வாங்க. செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க, திட்டு கொஞ்சம் நீளம்.

"நம்ம பசங்களுக்கு வராது"ன்னு சொல்ற அதே அம்மாதான், பொண்ணைப் பாட்டு கிளாசுக்கு 40 கிலோமீட்டர் காரோட்டிக் கூட்டிட்டுப் போறாங்க. அங்க முதல் நாளே ராக ஆலாபனையா? இல்லை. ச ரி க ம. சரளி வரிசை. முதல் காலம், ரெண்டாம் காலம், மூணாம் காலம். ஜண்டை வரிசை. வருஷக்கணக்கா. பரதநாட்டியம்னா தட்டடவு, நாட்டடவுன்னு கால் வலிக்கத் தட்டணும். பத்து வருஷம் கழிச்சு அரங்கேற்றம். அந்தப் பத்து வருஷத்துல ஒரு தடவை கூட "நம்ம ரத்தத்துல இருக்கு டீச்சர், அடவெல்லாம் வேண்டாம்"னு எந்த அம்மாவும் சொன்னதில்லை. கால் தரையில எந்தக் கோணத்துல படணும், முழங்கால் எவ்வளவு மடங்கணும்னு அளந்து அளந்து கத்துக்குடுக்கற ஒரு பரம்பரை நமக்கு இருக்கு. காலை இவ்வளவு நுணுக்கமாப் பழக்கின சனம், ஒரு பந்தைப் பாத்ததும் "நமக்கு வராது"ன்னு சொன்னா சிரிப்பு வருமா வராதா?

டிராப் பன்ட்டும் ஒரு அடவுதான் அம்மணி. பிடி, இறக்கு, ஊன்று, வீசு. முதல் காலத்துல நின்ன இடத்துல பத்து மீட்டர். ரெண்டாம் காலத்துல நடந்து வந்து இருபது மீட்டர். மூணாம் காலத்துல ஓடி வந்து முப்பது. இதை நம்மளை விட நல்லாப் புரிஞ்சுக்கற பெற்றோர் உலகத்துலயே கிடையாது.

"அடி படுமே?" நியாயமான பயம். தலையில அடி பட்டு, வருஷங்கள் கழிச்சு மூளை பாதிக்கப்பட்ட பழைய ஆட்டக்காரங்க கதை எல்லாம் இங்க வெளிய வந்திருக்கு. அதை நான் மூடி மறைக்க மாட்டேன். ஆனா சின்னப் பசங்க ஆடற ஆஸ்கிக்ல ஆளை மேல விழுந்து அமுக்கறதே கிடையாது. உதைக்கறதுக்கும் பிடிக்கறதுக்கும்தான் அங்க பாடம். வளர்ந்த அப்புறம் மோதல் ஆட்டம் வேணுமா வேண்டாமான்னு அப்போ உக்காந்து பேசிக்கலாம். பூங்காவுல அப்பாவும் பிள்ளையும் எதிர் எதிர்ல நின்னு உதைக்கறதுல யார் தலையும் உடையாது.

"படிப்பு கெடுமே?" செலக்டிவ் ஸ்கூல் பரீட்சைக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே சனிக்கிழமை ட்யூஷன், ஞாயித்துக்கிழமை மாதிரித் தேர்வுன்னு ஓடறவங்ககிட்ட நான் ஒரு நாளைக்கு இருபது நிமிஷம்தான் கேக்கறேன். ஆனா காரணம் படிப்பு இல்லைன்னு உங்களுக்கே தெரியும். இங்க திங்கட்கிழமை காலையில பள்ளிக்கூடத்துல பேச்சே ஃபுட்டிதான். மதிய இடைவேளையில ஒரு பந்து காத்துல பறக்கும். அதைப் பிடிச்சு நேரா ஒரு உதை உதைச்சுத் திருப்பி அனுப்பற பையனை, உன் பேரை எப்படிச் சொல்றதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்குவாங்க. அதைப் பாத்துட்டு ஒதுங்கி நிக்கற பையன், வருஷக்கணக்கா ஒதுங்கியே நிப்பான். வீட்டுக்கு வந்து உங்ககிட்ட சொல்ல மாட்டான். ஏன்னா 'நமக்கு வராது'ன்னு நீங்க ஏற்கனவே தீர்ப்புச் சொல்லிட்டீங்க.

பொண்ணுங்களுக்கும் இதே கதைதான். 2017லேர்ந்து ஏஎஃப்எல்ல பெண்களுக்குத் தனி லீக் நடக்குது. அம்மாக்களே, நீங்களும் ஒரு பந்தை எடுத்து உதைச்சுப் பாருங்க. புடவை வேண்டாம், அவ்வளவுதான் நிபந்தனை.

*

திட்டினது போதும், செய்ய வேண்டியதைச் சொல்லிடறேன்.

இங்க இருக்கறவங்களுக்கு: பிள்ளையோட வயசுக்கு ஏத்த சின்ன அளவுப் பந்து வாங்குங்க. பெரிய பந்து குடுத்தா கை எட்டாது, இறக்கறது கோணும், பழக்கம் கெட்டுடும். முதல் வாரம் உதையே வேண்டாம். பந்தை இறக்கி விடறது மட்டும். நேரா விழுதான்னு பாருங்க. ரெண்டாவது வாரம் பத்து மீட்டர், மெதுவா, பந்து பின்பக்கமா உருண்டு போகுதான்னு மட்டும் பாருங்க. தூரத்தைப் பத்திப் பேசவே பேசாதீங்க. அப்புறம் ரெண்டு மரத்துக்கு நடுவுல. அப்புறம் மறு கால். "சூப்பர்டா, பிறவிக் கலைஞன்டா"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. "நேத்தைக்கு இன்னைக்கு நேரா விழுது"ன்னு சொல்லுங்க. அது உண்மை, அது நாளைக்கும் அவனை உதைக்க வைக்கும்.

ஊர்ல இருக்கற அந்தமான் சொந்தங்களுக்கு: அடுத்த தடவை யாராவது மேடையில நின்னு "எங்க தீவுப் பசங்களுக்கு ரத்தத்துலயே..."ன்னு ஆரம்பிச்சா கை தட்டாதீங்க. கைய தூக்கி மூணு கேள்வி கேளுங்க. இந்தப் பள்ளிக்கூடத்துல எத்தனை பந்து இருக்கு? சொல்லித்தர்றவர் யாரு? கார் நிக்கோபார்ல இருந்து போட்டிக்கு வர்ற பசங்களுக்குக் கப்பல் டிக்கெட் யார் எடுக்கறாங்க? பதில் சொன்னா கை தட்டுங்க.

அடிக்க வர்றவங்க பின்னூட்டத்துல வரிசையா வாங்க. ஒரே வேண்டுகோள், குறி பாத்து அடிங்க. நாலு டிகிரிக்கு மேல விலகினா ஒரு புள்ளிதான் தருவேன்.